பதினேழு வயதுக்குட்பட்ட இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, தூத்தூர் கடப்புறத்திலிருந்து

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தில் இளையோர் அணிக்கு ஆள் தேடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டு மாநிலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அடுத்த அணிக்குப் பையன்களைத் தேடும்போது எங்கள் கடற்கரையில் ஒரு தேர்வு முகாம் நடத்துங்கள். அதை இரண்டு மாநிலச் சங்கங்களும் சேர்ந்து நடத்த வேண்டும். ஏன் சேர்ந்து என்று சொல்லத்தான் இந்த மடல்.

குழித்துறை ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து கேரள எல்லை வரை எட்டு ஊர்கள்: இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனால் எங்கள் ஊர்த் தேவாலயப் பங்குகள் இன்றைக்கும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் விசைப்படகுகள் பல கொச்சி தோப்பும்படியில் கிடக்கின்றன. பிரசவத்துக்கு நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிற வீடுகள் ஏராளம். ரேஷன் கார்டு மட்டும் கன்னியாகுமரி மாவட்டம். பந்துகளிக்கு எல்லைக் கல் கிடையாது. திருவிழாவை ஒட்டி நடக்கும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்டில் பொழியூர்ப் பையன் எங்கள் அணியில் ஆடுவான், எங்கள் பையன் அங்கே போய் ஆடுவான்.

இந்த மணலில் ஆட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்ற தேசிய கிளப் போட்டிகள் வழியாக இந்திய அணி வரை போன மைக்கேல் சூசைராஜ் இரையுமன்துறைக்காரர். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜின், 2018-19இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடியவர். 2018இல் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்த அணியில் ஆடிய சீசன் என்பவர் பொழியூர்க்காரர். ஆனால் இவர்களெல்லாம் வளர்ந்த பிறகு கிளப் வழியாக மேலே வந்தவர்கள். பதினைந்து, பதினாறு வயதில் நாட்டுக்கு ஆடும் வாய்ப்புதான் எங்கள் பையன்களுக்கு எட்டாமல் போகிறது.

காரணம் காகிதம். பையன் பிறந்தது திருவனந்தபுரத்தில், அதனால் பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில் எழுதியது. அதில் பெயர் ஒரு மாதிரி, இனிஷியல் ஒரு மாதிரி. ஆதாரில் வேறு எழுத்து. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் பின்னால் நிற்கும். இப்படி ஒரு பையனை நான் ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனேன். மேஜையில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இவன் கேரளா, அங்கே போய்க் கேளுங்க” என்றார். அங்கே போனால் ஆதாரைப் பார்த்துவிட்டு, “நிங்கள் தமிழ்நாடல்லே?” என்றார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. விதி அப்படி என்றார்கள். அவன் காலில் பந்து பட்டதை இரண்டு இடத்திலும் ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது அவன் சித்தப்பாவின் படகில் இருக்கிறான்.

வயது மோசடியைத் தடுக்கக் கெடுபிடி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இருபது வயது ஆளைப் பதினேழு என்று இறக்கினால் அடிபடுவது எங்களைப் போன்ற ஊர்ப் பையன்தான். ஆனால் அதற்கு உங்களிடம் காகிதத்தைவிட நல்ல வழி இருக்கிறது. 2009 முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுதாக ஒட்டிவிட்டால் பையன் வயது தாண்டியவன் என்று தெரிந்துவிடும். எல்லாரையும் ஸ்கேன் எடுக்கக் காசு ஆகும், சரி. முதல் சுற்றில் ஆடவிடுங்கள். தேறியவனுக்கு மட்டும் எலும்பைப் பாருங்கள், இனிஷியலைத் திருத்த ஒரு மாதம் கொடுங்கள். எந்த மாநிலத்துப் பையன் என்பதை இரண்டு சங்கங்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அன்றே முடிவு செய்யட்டும். கூட்டு முகாம் கேட்பது அதற்குத்தான்.

2017 அக்டோபரில் இந்தப் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டுக்கே வந்தது. ஆறு மைதானங்களில் கொச்சியும் ஒன்று. அக்டோபர் 7 அன்று அங்கே பிரேசில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது, படகு கரைக்கு வந்திருந்த எங்கள் ஆட்கள் சிலர் துறைமுகத்திலிருந்து நேராகக் கலூர் மைதானத்துக்குப் போனார்கள். மீன் வாடையோடு கேலரியில் உட்கார்ந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நம் அணி டெல்லியில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று தோற்றது. தோல்வியைப் பற்றிப் பேச வரவில்லை. கொலம்பியாவுக்கு எதிராக 82ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினாரே, ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல், அதைப் பற்றித்தான். மணிப்பூரின் தௌபல் மாவட்டத்துப் பையன். அவரை அணியின் முதல் பயிற்சியாளர் எடுக்கவில்லை. பயிற்சியாளர் மாறி, போர்ச்சுகலின் நோர்ட்டன் டி மாட்டோஸ் வந்த பிறகுதான் உள்ளே வந்தார். இன்னொரு முறை பார்க்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர். அங்கே திறமை மண்ணிலிருந்து முளைக்கவில்லை. தேடிப்போகிறார்கள், அகாடமிகள் இருக்கின்றன.

அந்த உலகக் கோப்பை முடிந்து ஒரு மாதத்தில் ஒக்கி புயல் வந்தது. 2017 நவம்பர் 30. எங்கள் ஊர்களில் அது என்ன செய்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: உங்கள் ஒப்புதல் படிவத்தில் ‘தந்தையின் கையெழுத்து’ என்று மட்டும் போடாதீர்கள். அப்பா இருக்கிற பையனுக்கும் அவர் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். அம்மாவின் கையெழுத்து போதும் என்று அச்சடியுங்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நிலைமை மாறிவிட்டது. முன்பு இந்த உலகக் கோப்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 24 அணிகள். 2017க்கு 2000இல் பிறந்தவர்கள், 2019க்கு 2002இல் பிறந்தவர்கள். நடுவில் 2001இல் பிறந்தவன் ஒரு வயது மூத்தவர்களோடு மோதித்தான் இடம் பிடிக்க வேண்டும். 2025 முதல் கத்தாரில் வருடா வருடம் நடக்கிறது, 48 அணிகள். இதே வயதினருக்கான ஆசியக் கோப்பையில் முதல் எட்டுக்குள் வந்தால் போதும். நம் பையன்கள் 2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அன்றைக்கு எங்களுக்கு ஒக்கி நினைவு நாள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் வெற்றிச் செய்தியை மெதுவான குரலில்தான் சொல்லிக்கொண்டோம். இனி ஒவ்வொரு பிறந்த வருடத்துக்கும் தனி வாய்ப்பு என்றால், தேடலும் வருடா வருடம் நடக்க வேண்டும். 2027க்கு 2010 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அவர்கள் இப்போதே இங்கே மணலில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

மணல் என்றதும் இன்னொன்று. எங்கள் பையன்கள் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். கடல் அரித்து, கல் கொட்டி, ஆடுகிற கரையும் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. குறுகிய இடத்தில் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளத் தெரியும், காற்றில் வருகிற பந்தை அடக்கத் தெரியும். ஆனால் இரவல் பூட்ஸ் போட்டுப் புல்லில் இறக்கினால் முதல் அரை மணி நேரம் வழுக்குவார்கள், பந்து அவர்கள் நினைத்ததைவிட வேகமாக ஓடிவிடும். அந்த அரை மணி நேரத்தை வைத்து மார்க் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் மணலில், மறுநாள் புல்லில். மணலில் ஆடுகிறவனைத் தேர்வாளர் பார்ப்பது கௌரவக் குறைவு என்று யாராவது நினைத்தால், 2023இல் சூரத்தில் நடந்த முதல் தேசிய கடற்கரைக் கால்பந்துப் போட்டியை வென்றது கேரளம் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 2022இல் இதே வயது மகளிர் உலகக் கோப்பை புவனேஸ்வரிலும் கோவாவிலும் நவி மும்பையிலும் நடந்தது. நம் அணி மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடப் போடவில்லை. இங்கே பெண்கள் ஆடுவதற்குத் தனி நேரம் ஒதுக்க ஊரில் பேசி வைக்கிறோம், அது எங்கள் வேலை. முகாமில் ஒரு பெண் தேர்வாளர் இருந்தால் வீடுகளில் அனுப்பத் தயங்க மாட்டார்கள், அது உங்கள் வேலை.

வருவதற்கு வழி: ரயிலில் குழித்துறையிலோ பாறசாலையிலோ இறங்கலாம். விமானம் என்றால் திருவனந்தபுரம்தான் பக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம், அப்போது கரையே இருக்காது. தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் ஊர்க் கமிட்டியிடம் பேசி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மீன் சாப்பிடாதவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதியை ஒரு மாதம் முன்னால் அறிவியுங்கள். படகில் ஏறிவிட்ட பையன்கள் சிலரைக் கரைக்கு வரவழைக்க வேண்டும், கொச்சியிலிருந்து போன படகு என்றால் திரும்ப அவ்வளவு நாள் ஆகும்.

இப்படிக்கு,
தூத்தூர் கடப்புறத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவன்