யாழ்ப்பாணக் கிளையில் விலைச்சிட்டை வேறுபாடும் நிறைக் குறைவும் தொடர்பான முறைப்பாடு

மானிப்பாய்,
2025.11.24

பொது முகாமையாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த 15ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் நானும் என் மனைவியும் எமது இரு பிள்ளைகளும் 76 வயதான என் தாயாரும் தங்கள் நிறுவனத்தின் யாழ்ப்பாண மொத்த விற்பனை அங்காடிக்குச் சென்று 58,460 ரூபாவுக்குப் பொருள்கள் வாங்கினோம். அவற்றுள் மூன்று பொருள்களுக்கு இறாக்கையில் ஒட்டியிருந்த விலையிலும் பார்க்க 1,130 ரூபா கூடுதலாக அறவிடப்பட்டுள்ளது. அத்துடன், ஒரு கிலோ என்று அச்சிடப்பட்ட ஆறு உழுந்துப் பொதிகளில் ஒன்றிலேனும் ஒரு கிலோ உழுந்து இருக்கவில்லை. கிளையில் இரண்டு தடவைகள் நேரில் முறையிட்டும் எழுத்தில் எந்தப் பதிலும் கிடைக்காமையால் இக்கடிதத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இம்மாதம் 20ஆம் திகதி என் தகப்பனாரின் ஆட்டைத் திவசம். ஏறத்தாழ 150 பேருக்குச் சமைக்க வேண்டியிருந்ததால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம் என்று தங்கள் அங்காடியைத் தெரிவு செய்தோம். என் தகப்பனார் மானிப்பாயில் 38 ஆண்டுகள் சிறிய பலசரக்குக் கடை நடத்தியவர். யாழ்ப்பாணம் பெரியகடையில் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்து ஊரில் சில்லறையாக விற்றவர். அவர் வெளியே போகும் நேரங்களில் அம்மாவே தராசில் நிறுத்துக் கொடுப்பார். இதைக் கதைக்காகச் சொல்லவில்லை. நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது தேவை.

முதலில் விலை. உழுந்துப் பொதிகள் இருந்த இறாக்கையில் பெரிய மஞ்சள் சிட்டையில் 1,090 ரூபா என்றும், அதன் கீழே தமிழில் “5 பொதிகளும் அதற்கு மேலும் வாங்கினால் மொத்த விலை” என்றும் எழுதப்பட்டிருந்தது. நாங்கள் ஆறு பொதிகள் எடுத்தோம். பற்றுச்சீட்டில் ஒவ்வொன்றுக்கும் 1,180 ரூபா வீதம் விழுந்திருந்தது. காசாளரிடம் கேட்டபோது, “ஐயா, அது அங்கத்துவ அட்டை வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்” என்றார். திரும்பிச் சென்று பார்த்தேன். அந்த நிபந்தனை சிட்டையின் அடியில், கடுகளவு எழுத்தில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. ஆசை காட்டும் வரி தமிழிலும் அதை மறுக்கும் வரி மற்ற இரு மொழிகளிலும் இருப்பதை நான் தற்செயலான பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதைத் தாங்களே சொல்லுங்கள். வாடிக்கையாளரில் மிகப் பெரும்பாலானோர் தமிழ் வாசிப்பவர்களாக உள்ள நகரத்தில் இயங்கும் கிளை அது. என் அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்; அவர் வாசித்த வரியை நம்பியே ஆறு பொதிகளை எடுத்து வண்டிலில் வைத்தார்.

மைசூர்ப் பருப்பும் நல்லெண்ணெயும் வேறு விதம். அவற்றின் சிட்டைகளில் எந்த நிபந்தனையும் எந்த மொழியிலும் இல்லை. பருப்பு கிலோ 268 ரூபா என்று இருந்தது. 10 கிலோவுக்கு 285 ரூபா வீதம் எடுத்தார்கள். நல்லெண்ணெய்ப் போத்தல் 1,240 ரூபா என்று இருந்தது. ஆறு போத்தல்களுக்கு 1,310 ரூபா வீதம் எடுத்தார்கள். கணினியில் விலை மாறிவிட்டது, சிட்டை மாற்ற ஆள் இல்லை என்று விளக்கம் தரப்பட்டது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, சிறிய மகள் பசியில் அழுதாள், ஆகவே பணத்தைச் செலுத்திவிட்டு வெளியேறினோம். வரிசையில் நிற்கும் எவரும் இதைத்தான் செய்வார்கள் என்பதால்தான் இந்தப் பிழை திருத்தப்படாமலே கிடக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இனி நிறை. உழுந்துப் பொதியை இறாக்கையிலிருந்து எடுத்த உடனேயே அம்மா, “தம்பி, இது ஒரு கிலோ இல்லை, கை சொல்லுது” என்றார். “அம்மா, இஞ்ச எல்லாம் மெசினிலை நிறுக்கிறது, பிழைக்காது” என்று நான்தான் அவரை மறுத்தேன். அது எனக்கு இன்றும் மனவருத்தமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவர் அறையில் இருந்த தகப்பனாரின் பழைய தராசையும் இரும்புப் படிக்கற்களையும் எடுத்துத் துடைத்து, ஆறு பொதிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒன்றுகூடக் கல்லுக்குச் சமமாக நிற்கவில்லை. பழைய தராசு என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, 17ஆம் திகதி திங்கட்கிழமை பொதிகளைப் பிரிக்காமலே கிளைக்குக் கொண்டுசென்று, மரக்கறிப் பகுதியிலுள்ள தங்கள் மின்னியல் தராசிலேயே, முகாமையாளர் முன்னிலையில் நிறுத்தோம். உறையோடு சேர்த்து 955, 960, 948, 962, 951, 958 கிராம். ஆறு கிலோவுக்குப் பணம் கொடுத்த எமக்குக் கிடைத்தது 5 கிலோ 734 கிராம். குறைந்த 266 கிராமின் பெறுமதி, தாங்கள் அறவிட்ட விலையில், ஏறத்தாழ 314 ரூபா.

முகாமையாளர் மரியாதையாகவே பேசினார். அதை நான் மறைக்கவில்லை. ஈரப்பதம் வற்றியதால் நிறை குறைந்திருக்கலாம் என்றார். காய்ந்த தானியம், வாய் ஒட்டிய பொலித்தீன் உறைக்குள் இருந்துகொண்டு நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு நிறையை இழந்துவிடாது. அப்படி இழக்கும் என்று தெரிந்திருந்தால் பொதியிடும்போதே அதற்கேற்பக் கூட்டிப் போட வேண்டியது பொதியிடுபவரின் கடமை. தேறிய நிறை ஒரு கிலோ என்று அச்சிட்டிருப்பது தங்கள் நிறுவனத்தின் சொந்தப் பொதி. பிறகு அவர் வேறு ஆறு பொதிகள் தருவதாகச் சொன்னார். அம்மா அவற்றில் முதலாவதைத் தராசில் வைக்கச் சொன்னார். 957 கிராம் காட்டியது. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு மாத்தித் தர வேண்டாம் தம்பி. அந்த இறாக்கையிலை இருக்கிறது எல்லாத்தையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ.” முகாமையாளர் தலைமை அலுவலகத்துக்கு அறிவிப்பதாகக் கூறினார். மறுநாள் என் மனைவி அந்தப் பக்கம் போனபோது அதே பொதிகள் அதே இடத்தில் விற்பனைக்கு இருந்தன. திவசத்து வடைக்கு உழுந்தைத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் வேறு கடையில் வாங்கினோம். அன்று நிறுத்த ஆறு பொதிகளும் பிரிக்கப்படாமல் என்னிடம் உள்ளன.

எங்கள் 314 ரூபாவைப் பற்றி மட்டும் இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். தங்களுடையது மொத்த விற்பனை அங்காடி. நாங்கள் நின்ற அன்று எங்களுக்கு முன்னால் நின்றவர் தீவகத்தில் சிறு கடை வைத்திருப்பவர். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் வந்து சாமான் ஏற்றிக்கொண்டு, கடைசிப் படகுக்கு முன் திரும்ப வேண்டியவர். பற்றுச்சீட்டில் பிழை கண்டால் அவர் மறுநாள் திரும்பிவந்து வாதாட முடியாது. 950 கிராம் பொதியை அவர் ஒரு கிலோ என்று நம்பித் தன் ஊரவர்களுக்கு விற்பார். நிறைக் குறைவுப் பழி தங்களுக்கு வராது, அவருக்கே வரும். என் தகப்பனாரின் தராசுக்கும் படிகளுக்கும் ஆண்டுதோறும் முத்திரை குத்துவிக்க வேண்டியிருந்தது. அந்த நாளை அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை. கிராமத்துச் சிறு கடைக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு, பொதியிடும் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்திடமும் எதிர்பார்க்கப்படுவது நியாயம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. நிறைகளும் தராசுகளும் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்துக்குள் வருகின்றன. அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடுவதற்குக் கொள்வனவு செய்த நாளிலிருந்து மூன்று மாத காலம் உண்டு. அதற்கு முன் தங்களுக்கு எழுதுவதே முறை என்று எண்ணினேன்.

கூடுதலாக அறவிட்ட 1,130 ரூபாவையும் நிறைக் குறைவுக்கான 314 ரூபாவையும் திருப்பித் தர வேண்டும். அந்த உழுந்துப் பொதிகள் முழுவதையும் விற்பனையிலிருந்து எடுத்து நிறுத்துப் பார்த்து, முடிவை எனக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பணத்தைவிட இதையே நான் முக்கியமாகக் கேட்கிறேன். சிட்டையிலுள்ள நிபந்தனைகள் விலை எழுதப்பட்ட அதே அளவு எழுத்தில் தமிழிலும் இருக்க வேண்டும். சிட்டை மாற்றப்படாத பொருளைச் சிட்டையிலுள்ள விலைக்கே கொடுக்கும்படி காசாளர்களுக்குப் பணிப்புரை வழங்க வேண்டும். வாடிக்கையாளர் தாமே நிறுத்துப் பார்க்கக்கூடிய தராசு ஒன்றைக் காசாளர் மேசைக்கு அருகில் வைத்தால் பெரும் உதவியாக இருக்கும். இதை அம்மா எழுதச் சொன்னார்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், மூன்று விலைச்சிட்டைகளின் ஒளிப்படங்களையும், தங்கள் தராசில் பொதிகளை நிறுத்தபோது எடுத்த ஆறு படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். டிசம்பர் 8ஆம் திகதிக்குள் தங்கள் பதில் கிடைக்காவிடின், இதே ஆவணங்களோடும் பொதிகளோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவேன். பொதிகளைப் பரிசோதிக்கத் தங்கள் அலுவலர் எவரேனும் வருவதாயின், முன்கூட்டி அறிவித்துவிட்டு எந்த நாளிலும் எமது வீட்டுக்கு வரலாம். தராசு இங்கேயும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
மானிப்பாய்.