தேய்ந்த பிளேடு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு வளவில் வெளிச்சம் விழும் தூணருகே அமர்ந்து, வெந்நீரில் ஊறிய பிரஷ்ஷால் சோப்பை நுரைக்கக் குழைத்து, ரேசரை அழுத்தாமல் அதன் எடையாலேயே இழுத்து, முடிவில் படிகாரக் கட்டியை ஈர முகத்தில் தேய்த்துக்கொள்வது அப்பச்சியின் வழக்கம். அவருடைய பித்தளை ரேசரில்தான் இன்று நானும் சவரம் செய்துகொள்கிறேன். கில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அடிப்படையில் மாறாததால், பிளேடை மட்டும் மாற்றினால் போதும். பிளாஸ்டிக் ரேசர்களை வாங்கி வாங்கி எறிய வேண்டியதில்லை.

தேய்ந்த பிளேடுதான் சிக்கல். சலூன்களில் தோல்வாரில் தீட்டும் கத்தி போய், பிளேடை இரண்டாக ஒடித்துச் செருகும் கத்தி வந்துவிட்டது. தொற்றைத் தவிர்க்க அது நல்லதே என்றாலும், ஆளுக்கு ஒரு பாதி பிளேடு குப்பைக்குப் போகிறது. சென்ற மாதம் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அம்மா ஒருவர், பையை அமுக்கியபோது உள்ளங்கை கிழிந்து ரத்தத்தோடு நின்றார். அந்தப் பிளேடு என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். அன்று முதல், மூடியில் கீறல் போட்ட பழைய தகர டப்பாவில் சேர்த்து வருகிறேன்.

இத்தகைய டப்பாக்களைச் சலூன்களில் வைக்கச் செய்து, நிறைந்தவற்றைத் தனியே சேகரிக்க உள்ளாட்சி நிர்வாகம் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், காரைக்குடி