அத்தான் வந்திறங்கும் மாலை

ரொறன்ரோ
ஒக்ரோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நீங்கள் புரட்டாதி முதல் வாரத்தில் எழுதிய கடிதம் சென்ற திங்கட்கிழமைதான் என் கைக்கு வந்தது. சித்திரைக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அதற்கு நான் சொல்லக்கூடிய எந்தக் காரணமும், உங்கள் வகுப்புக்கு வீட்டுவேலை செய்யாமல் வந்தவன் சொல்லும் காரணத்தைவிடத் தரமாக இராது என்பதால் அதைச் சொல்லாமலே விடுகிறேன். அம்மாவோடு தொலைபேசியில் பேசுவதை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அத்தான் நவம்பர் கடைசி வாரம் மாநாட்டுக்கு வருகிறார் என்று அக்காவும் சொன்னார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 4 மணிக்கு விமானம் இறங்குகிறது, ஹோட்டல் நகரத்தின் நடுவே ரிச்மண்ட் வீதியில் இருக்கிறது, நான் காரைக் கொண்டுபோய் அவரை ஏற்றிச் செல்ல முடியாதா என்பது உங்கள் கேள்வி. முடியாது என்று ஒரே சொல்லில் எழுதினால் கோபிப்பீர்கள். ஆகவே இந்த ஊரின் மாலை நேரத்தைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன்.

விமான நிலையத்தின் பெயரில் ரொறன்ரோ இருந்தாலும் அதன் பெரும்பகுதி பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருக்கிறது. நகர மையத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர். அதற்குப் பியர்சன் என்று பெயர் வைத்திருப்பது, நீங்கள் எங்களுக்குச் சுயெஸ் நெருக்கடி படிப்பித்தபோது சொன்ன அதே பியர்சனை நினைத்துத்தான். 1957 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்று, பின்னர் இந்த நாட்டின் பிரதமராகவும் இருந்தவர். வந்த புதிதில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தவுடன் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி.

4 மணிக்கு விமானம் தரையைத் தொட்டாலும், குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு அத்தான் வெளியே வர ஐந்தரை ஆகிவிடும். நவம்பர் கடைசியில் சூரியன் நாலே முக்கால் மணிக்கே மறைந்துவிடுவதால் அப்போது நல்ல இருட்டாக இருக்கும். ஐந்தரை மணி என்பது இந்த நகரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்காவது போக நினைக்கும் வேளை. விமான நிலையத்தை ஒட்டிப் போகும் 401 ஆம் இலக்கப் பெருஞ்சாலை, சில இடங்களில் இரு திசைகளுக்கும் சேர்த்து 18 தடங்கள் அகலமானது. அவ்வளவு அகலமான தெருவில் நெரிசல் எப்படி வரும் என்று நானும் முதலில் நினைத்தேன். 18 தடங்களிலும் கார்கள் நின்றபடியே நிற்பதைப் பார்த்த பிறகுதான், தெருவை அகலமாக்கினால் வரிசையும் அகலமாகுமே தவிர ஓடாது என்பது புரிந்தது.

நகரத்துக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் 427 வழியாகத் தெற்கே இறங்கி, ஏரிக்கரையோரமாகக் கிழக்கே போகும் கார்டினர் பெருஞ்சாலையைப் பிடிப்பார்கள். அதன் கிழக்குப் பகுதி நிலத்திலிருந்து தூக்கிக் கட்டப்பட்டது. 1955 இல் தொடங்கி 1966 வரை பகுதி பகுதியாகக் கட்டியதாம். வயதாகிவிட்டதால் அதற்கு வைத்தியம் பார்ப்பது ஓய்வதேயில்லை. ஒரு தடத்தை அடைத்தால் பின்னால் ஐந்து மைல் தூரத்துக்குச் சிவப்பு விளக்குகள் எரியும். சாதாரண வேளையில் அரை மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்கு அந்த வேளையில் ஒரு மணித்தியாலமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதைத் தாண்டி உள்ளே போனால் ரிச்மண்ட் வீதி மேற்கு நோக்கி மட்டும், அடுத்த அடிலெய்ட் வீதி கிழக்கு நோக்கி மட்டும் போகும் ஒருவழித் தெருக்கள். கிங் வீதியிலோ 2017 முதல் ட்ராம் வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்து, கார்கள் நேரே தொடர்ந்து போக முடியாதபடி சந்திகளில் திருப்பி விடுகிறார்கள். ஹோட்டல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வாசலுக்குப் போக மேலும் இருபது நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும்.

காரைப் பற்றி நீங்கள் இரண்டு இடத்தில் கேட்டிருந்தீர்கள். குளிர்காலத்தில் அதை வெளியே எடுப்பதில்லை என்று இந்த வருடம் முடிவு செய்திருக்கிறேன். பனிக்காலச் சில்லுகள் மாற்ற வேண்டும், காப்புறுதியும் அதிகம். ஆகவே அது இப்போது ஓய்வில் இருக்கிறது. இதில் நீங்கள் யோசிப்பதற்கு எதுவும் இல்லை.

அத்தான் ரயிலில் போவதே நல்லது. விமான நிலையத்தின் முதலாம் ரெர்மினலிலிருந்து யூனியன் ஸ்ரேசனுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. 25 நிமிடத்தில் போய்ச் சேரும். தெருவில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. மூன்றாம் ரெர்மினலில் இறங்கினாலும் இரண்டையும் இணைக்கும் சிறிய ரயில் இலவசமாகக் கொண்டுவந்து விடும். 2015 ஜூன் மாதம் இந்தச் சேவையைத் தொடங்கியபோது 27 டொலர் 50 சதம் அறவிட்டார்கள். பெட்டிகள் வெறுமையாக ஓடின. மறு வருடமே 12 டொலராகக் குறைத்தார்கள், அதன் பிறகுதான் சனம் ஏறியது. இன்றும் ஏறத்தாழ அதே அளவுதான். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம். ரக்சிக்கு 60, 70 டொலர் கொடுத்து நெரிசலில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் அவர் ரக்சியில்தான் போவேன் என்றால், வாசலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் வண்டியில் மட்டும் ஏறச் சொல்லுங்கள். வருகை மண்டபத்துக்குள் வந்து மெதுவான குரலில் “ரக்சி வேண்டுமா?” என்று கேட்பவர் அனுமதி பெற்றவர் அல்லர், அவர் தமிழிலேயே கேட்டாலும்கூட.

இதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. 900 ஆம் இலக்க பஸ்ஸில் கிப்ளிங் வரை போய், அங்கே சப்வேயில் ஏறி, சென் ஜோர்ஜில் மாறி, யூனியனில் இறங்கலாம். ஒருமுறை கட்டும் 3 டொலர் 30 சதத்துக்கு இரண்டு மணித்தியாலம் எத்தனை வண்டியும் மாறலாம். ஆனால் பெரிய பெட்டியோடு மாலை ஐந்தரை மணிக்கு அந்த ரயில் பெட்டிகளுக்குள் ஏறுவதற்குப் பழக்கம் வேண்டும். அத்தானுக்கு அது வேண்டாம். எனக்கு அந்த பஸ்ஸின் சாரதிகள் எல்லோரையும் முகம் தெரியும். கார் வைத்திருப்பவன் பஸ்ஸை ஏன் இவ்வளவு அறிந்து வைத்திருக்கிறான் என்று நீங்கள் யோசிக்கக்கூடும். குளிர்காலத்தில் காரை எடுப்பதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மேல்வீட்டில் ஒரு போர்த்துக்கேயக் கிழவர் இருக்கிறார், முன்பு எழுதியிருப்பேன். இளைப்பாறும்வரை ட்ராம் ஓட்டியவர். நான் படியால் ஏறி வரும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, எங்கே போகிறாய், எந்த வண்டியில் போகிறாய், எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்; பதில் சொன்னால் அது பிழையான வழி என்பார். அத்தானின் விஷயத்தையும் சொல்லி வைத்தேன். 4 மணிக்கு இறங்குவதே தவறு, 7 மணிக்கு இறங்கும்படி அவருக்கு எழுது என்றார். விமானக்காரன் கேட்க மாட்டான் என்றேன். அப்படியென்றால் விமான நிலையத்திலேயே இருந்து இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வரட்டும் என்றார். அந்த ரயிலைப் பணக்காரர் ரயில் என்று சொல்லி அவர் இன்றுவரை ஒருமுறைகூட ஏறவில்லை. என்றாலும் அன்றிரவே ஒரு விளம்பரத் தாளின் பின்புறத்தில் யூனியனிலிருந்து ஹோட்டல் வரைக்கும் படம் கீறி என் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். படத்தில் ட்ராம் வரும் இடங்களை மட்டும் மிகவும் பெரிதாகப் போட்டிருக்கிறார், அதைக் கவனிக்க வேண்டியதில்லை.

யூனியனில் ரயில் நிற்பது பிரதான மண்டபத்தில் அல்ல; அதற்கு மேற்கே, கூரையிட்ட நடைபாலத்தோடு சேர்ந்த மேடையில். அங்கே சி.என். கோபுரத்தின் பெயர் போட்ட அம்புக்குறியைப் பின்தொடராமல் ஸ்ரேசன் என்று போட்ட பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டரங்கில் போய் நிற்பார். 1927 இல் திறந்த மண்டபத்தை அத்தான் அவசரத்திலும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். அங்கிருந்து நகரத்தின் அலுவலகக் கட்டடங்களையெல்லாம் நிலத்துக்குக் கீழே இணைக்கும் பாத் என்ற நடைபாதை தொடங்குகிறது. மொத்தம் 30 கிலோமீற்றருக்கு மேல், குளிரில் கால் வைக்காமலே ரிச்மண்ட் வீதி வரை போய்விடலாம். அந்தப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் நான்கு நிறம், நான்கு திசை: பி சிவப்பு, தெற்கு, ஏ செம்மஞ்சள், மேற்கு, ரி நீலம், வடக்கு, எச் மஞ்சள், கிழக்கு. அத்தானுக்கு வேண்டியது நீலம். இவ்வளவு தெரிந்திருந்தும் நான் முதன்முறை அதற்குள் ஒரு மணித்தியாலம் சுற்றி, ஒரே சப்பாத்துக் கடையை மூன்று தடவை கண்டேன். ஆகவே நம்பிக்கை வராவிட்டால் மேலே ஏறி யோர்க் வீதி வழியாக வடக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துவிடலாம். ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று முதுகில்தான் அடிக்கும். ஆனால் குளிர்ச்சட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வரக் கூடாது. கையில் கொண்டுவர வேண்டும். இதை அக்காவிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

நான் அன்றைக்கு வருகை மண்டபத்தில் நிற்பேன். என் வேலை இரவு 11 மணிக்குத்தான் தொடங்குவதால் அவரை ரயிலில் ஏற்றிக் கூடவே போய், ஹோட்டல் அறை வரை விட்டுவிட்டுத் திரும்ப எனக்கு நேரம் இருக்கிறது. ஸ்காபரோவுக்கு வந்து என் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினால், அது நகரத்தின் மறு அந்தம், மூன்று நாள் பயணத்தில் அதற்காக அரைநாளை வீணாக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நானே தினமும் ஹோட்டலுக்கு வருவேன்.

அந்த மண்டபம் எனக்குப் புதிதல்ல. வேலை முடிந்த காலைகளில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் அங்கே போய் நிற்பதுண்டு. கண்ணாடிக் கதவு திறந்து மூடும், ஒவ்வொரு முறையும் யாரோ வருவார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் உங்கள் வயதுக்காரர் ஒருவர் கயிறு கட்டிய மட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். பெட்டியின் நான்கு பக்கமும் பெயரையும் விலாசத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கறுப்பு மையால் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் எழுதினால் போதாதா என்று நான் கேட்டதற்கு நீங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சொன்ன பதில் நினைவு வந்தது: பெட்டி எந்தப் பக்கம் விழும் என்று யாருக்குத் தெரியும். அவருடைய பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துக் கொடுத்தேன். நீர் எந்த ஊர் என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தபோது பேரப்பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். அன்று மூன்று பஸ்களை விட்டுவிட்டேன், அப்பா. அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்த கடிதங்கள்தான் முடிக்காமல் கிடக்கின்றன.

சரி, காணி விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு வேலியைப் பற்றிச் சின்னையா மறுபடியும் ஆள் அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். என் சார்பில் கையெழுத்து வைக்க உரிமை தரும் அற்றோணித் தத்துவத்தை இங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி நான் அனுப்புவதென்றால் எனக்குக் காணி உறுதியின் பிரதி வேண்டும். தபாலில் போட வேண்டாம், அத்தானின் கைப்பையில் கொடுத்து விடுங்கள். நான் கையெழுத்து வைத்து அவரிடமே திருப்பித் தருகிறேன். நொத்தாரிசின் கட்டணத்துக்குப் பெரிய மாமியிடம் கைமாற்று வாங்க வேண்டாம். கார்த்திகை முடிவதற்குள் அனுப்பி வைக்கிறேன், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியின் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் கேட்டால், பங்குனிக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். எனக்கு விடுமுறை எடுப்பதில் சிறு சிக்கல் இருக்கிறது, வேறொன்றுமில்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தார்களா என்று அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள். அதை அவர் தொலைபேசியில் மறைக்கிறார்.

இங்ஙனம்,
அன்பு மகன்

பி.கு.: மாநாட்டுக்காரர்கள் பயணச் செலவைத் திருப்பித் தருவார்களென்றால் ரயில் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி அத்தானிடம் சொல்லுங்கள். என்னுடைய சீட்டை நானே எடுத்துக்கொள்வேன்.