லித்தியம் பேட்டரியும் இழுக்கும் காரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள பயண டிரெய்லர்களில் லித்தியம் பேட்டரி மாட்டுவது பற்றி நம் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடை குறைவு, ஆயுள் அதிகம் என்பதெல்லாம் சரி. ஆனால் "ஓடும்போது கார் தானாகவே சார்ஜ் செய்துவிடும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைப் பிரித்துக் கட்டுவதே என் பிழைப்பு என்பதால், அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

முதலில் ஒயர் கணக்கு. காரின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லர் பேட்டரி வரை பத்து மீட்டர் என்று வையுங்கள். எர்த் திரும்பி வருவதையும் சேர்த்தால் இருபது. 6 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 20 ஆம்பியர் போனால், வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது 13 தான். பழைய ஆசிட் பேட்டரி 12 வோல்ட் பக்கம் இறங்கிக் கிடக்கும், அதனால் கொஞ்சமாவது ஏறும். லித்தியமோ பாதி காலியான நிலையிலேயே 13.1, 13.2 என்று நிற்கும். அதற்குமேல் தள்ள அழுத்தம் ஏது? கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஐந்து, ஆறு ஆம்பியருக்கு மேல் முள் நகராத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 80 காலி என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். யார் ஓட்டுவார்கள்?

இதைக் கண்டு எரிச்சலாகிச் சிலர் விரல் கனத்துக்கு கேபிள் இழுத்து, ஒரு ரிலேயை வைத்து நேராக இணைத்துவிடுகிறார்கள். இதுதான் ஆபத்து. ஆசிட் பேட்டரி முதல் சில நிமிடம் அதிகமாக இழுத்துவிட்டுப் பிறகு அடங்கிவிடும். லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. தாகத்தோடு தொட்டிக்கு வந்த மாடு மாதிரி, வயிறு நிரம்பும்வரை தலையைத் தூக்காது. ஆல்டர்னேட்டர் மேல் 120 ஆம்பியர் என்று போட்டிருப்பது வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. மணிக்கணக்கில் அதே அளவு கொடுக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது, சூடு ஏறும். அப்படி வந்த ஒன்றைச் சமீபத்தில் பிரித்தேன். ஸ்டேட்டர் சுருளின் வார்னிஷ் கருகி உதிர்ந்தது, டயோடு தட்டில் இரண்டு டயோடுகள் போயிருந்தன. வண்டிக்காரர் பேட்டரியைக் குறை சொன்னார். பேட்டரி ஜம்மென்று இருந்தது!

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு டிசி-டிசி சார்ஜர். வழியில் விழுந்த வோல்டேஜை 14.4 வரை ஏற்றிக் கொடுக்கும், கரண்டையும் ஒரு அளவுக்குமேல் விடாது. எஞ்சின் நின்றதும் தானும் நிற்பதால், டிரெய்லர் பேட்டரி காரின் பேட்டரிக்குத் திரும்ப ஊற்றாது. ஆனால் பெட்டியில் 30 ஆம்பியர் என்று எழுதியிருப்பது வெளியே வருவது. 14.4 வோல்ட்டில் அது 432 வாட். சார்ஜரிலேயே பத்து சதவீதம் போனால், உள்ளே வரும் 12.5 வோல்ட்டில் 38 ஆம்பியர் இழுக்கும். டிரெய்லர் சாக்கெட்டின் முனை அவ்வளவு தாங்காது. தனி கேபிள், அதிகக் கரண்ட் தாங்கும் ஆண்டர்சன் கனெக்டர், இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். அந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர் 18 ஆம்பியர் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளலாம். கூரையில் சோலார் இருந்தால் அதுவே தாராளம் என்பேன்.

இப்போது வரும் சில கார்களில் பெட்ரோலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடுகிறது. வோல்டேஜைப் பார்த்து விழித்துக்கொள்ளும் சார்ஜர் அங்கே எஞ்சின் ஓடுவதே தெரியாமல் தூங்கும். இக்னிஷனிலிருந்து ஒரு சிக்னல் ஒயர் கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது. நல்ல பேட்டரி தானே தடுத்துக்கொள்ளும், மட்டமானது தடுக்காது.

கட்டுரையில் வராத இன்னொன்று பிரேக். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடினால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்ச் பல டிரெய்லர்களில் இதே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடி பேட்டரி தீர்ந்து, உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருந்தால் அந்த சுவிட்சுக்குக் கரண்டே கிடையாது. பிரேக்குக்கென்று சின்னதாகத் தனி ஆசிட் பேட்டரி வைப்பது நல்லது. அது இல்லாதவர்கள் கிளம்பும் முன் சுவிட்ச் பின்னை இழுத்து, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்போது காரின் பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும். மாட்டியபடியே பார்த்தால் காரின் கரண்டிலேயே பிரேக் பிடித்து உங்களை ஏமாற்றிவிடும்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன் ஒருவர்