ஜாக்கை மட்டும் நம்பி அடியில கை விடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர் கணபதியில சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீதியில ஒரு தம்பி அவங்கப்பா காரை ஜாக்ல தூக்கி வீலைக் கழட்டிப் போட்டுட்டு, தோள் வரைக்கும் கைய உள்ள விட்டு பிரேக்கைத் தொடச்சுட்டு இருந்தான். அடியில வண்டியத் தாங்கற ஸ்டாண்டு இல்ல, அக்கட்ட டயருக்குக் கட்டை இல்ல, பக்கத்துல போன்ல வீடியோ ஓடிட்டு இருந்துச்சு. கைய எடு கண்ணுன்னு நான் கத்தினதுல பையன் ஆடிப் போயிட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, அதான் எழுதறேன், தயவு பண்ணி போடுங்க.

எங்கிட்ட போர்ஷே பாக்ஸ்டர் ஒண்ணு இருக்குதுங்க, 2008 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, ரொம்ப வருச ஆசை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குல ஓட்டறதுக்குன்னு தனியா ஒரு செட் டயர் வெச்சிருக்கறதுனால நாலு வீலையும் வீட்டு போர்டிகோவுலயே கழட்டி மாட்டற வேலை அடிக்கடி வரும். இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் காரு தரையோட ஒட்டிக் கெடக்கும், அடியில நாலு இஞ்சு இருந்தா பெருசு, கடையில சாதாரணமா விக்கற, சக்கரம் வெச்ச ட்ராலி ஜாக்கோட தலையே அஞ்சு அஞ்சரை இஞ்சு ஒசரம், உள்ளயே போகாது. 75, 80 மில்லி ஒசரத்துல லோ ப்ரொஃபைல் ஜாக்குன்னு கேட்டு வாங்கணும், இல்லாட்டி ஒன்றரை இஞ்சு பலகைய டயருக்கு முன்னால போட்டு வண்டிய அதுமேல ஏத்தி நிறுத்திட்டு அப்புறம் ஜாக்கைத் தள்ளணும்.

போகுதேன்னு கண்ட எடத்துல ஜாக்கை வெச்சறக்கூடாதுங்க. இந்தக் காருல ரேடியேட்டர் மூக்குல, இஞ்சின் முதுகுக்குப் பின்னால, அதனால இஞ்சினைக் குளுத்தற கூலன்ட் பைப் அடிவயித்துலயே ஓடும். ஒரு தடவை ஹைவேல ஒரு டயர் கடைப் பையன் பாட்டில் ஜாக்கை நடுவுல குடுத்துட்டான், அடி பிளாஸ்டிக் படக்குன்னு கீறிருச்சு, பைப் தப்பிச்சுது. ஓரத்துல வீலுக்குப் பக்கமா கம்பெனியே வெச்ச நாலு ஜாக் பாயின்ட் இருக்கும், அங்க மட்டும், அதுவும் நடுவுல ரப்பர் துண்டு வெச்சு.

இப்ப எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டு வருசம் இருக்கும், போர்டிகோ டைல்ஸ் மேல வண்டி, தண்ணி ஓடறதுக்காக வாசப்பக்கம் லேசா சரிவு. பின் பாயின்ட்ல தூக்குனா பாக்ஸ்டர்ல அந்தப் பக்கம் முன் வீலும் சேர்ந்தே எந்திரிச்சுரும், பாடி அவ்வளவு கெட்டி. ட்ராலி ஜாக்கோட கை நேரா மேல ஏறாதுங்க, வளைஞ்சு ஏறும், அதனால தூக்கத் தூக்க ஜாக் தானா வண்டிக்கு அடியில உருண்டு போகணும். அன்னிக்கு அதோட குட்டிச் சக்கரம் டைல்ஸ் இடுக்குல சிக்கிருச்சு, உருள முடியல, தலை மட்டும் பாயின்ட்டோட வெளிம்புக்கு நகந்துட்டே வந்துருக்கு, நான் பாக்கல. வீலைக் கழட்டி பாடிக்கு அடியில படுக்க வெச்சேன், கீழ விழுந்த போல்ட்டைக் கைய விட்டு எடுத்தேன், ஒரு நிமிசம் ஆயிருக்காது, டக்குன்னு ஒரு சத்தம், 1,300 கிலோ வண்டி அந்த வீல் மேல உக்காந்துருச்சு. அலாய்ல விரல் ஆழத்துக்குக் கீறல். வீல் மட்டும் அங்க இல்லாம இருந்திருந்தா பிரேக் டிஸ்க்கு தரையில மோதிருக்கும், ஒரு நிமிசம் முந்தியிருந்தா என்ற கை. கழட்டுன வீலை அடியில போடுறான்னு லாரி ஓட்டுன எங்கப்பா சொல்லிக் குடுத்தது தான் காப்பாத்துச்சு.

ஜாக் தூக்கறதுக்கு, ஸ்டாண்டு தாங்கறதுக்கு. உள்ள சீல் தேஞ்சு ஆயில் கசிஞ்சா ஹைட்ராலிக் ஜாக் சத்தமில்லாம எறங்கும். பின் பாயின்ட்ல தூக்கினதும் முன் பாயின்ட்டுக்குக் கீழ ஸ்டாண்டைக் குடுத்து வண்டிய அதுல உக்கார வெச்சுட்டு, ஜாக்கையும் எடுக்காம பின்னால லேசா தாங்கற மாதிரி விட்டுருங்க. ஹாலோ பிளாக் மட்டும் வேண்டவே வேண்டாம், நல்லாத்தான் நிக்கும், திடீர்னு பொடிப்பொடியா ஒடையும்.

ஹேண்ட் பிரேக் பின் வீலை மட்டும்தான் புடிக்கும், அதுல ஒண்ணு மேல போயிட்டா மிச்சம் ஒண்ணுதான். ஃபர்ஸ்ட் கியர் போட்டிருக்கேனேன்னு சொல்லுவாங்க, இந்தக் காரு மாதிரி பின் வீல் இழுக்கற வண்டியில ஒரு பின் வீல் அந்தரத்துல இருந்தா, ரெண்டு பின் வீலையும் இணைக்கற டிஃபரன்ஷியல் வழியா இன்னொண்ணு சுத்திரும், கியர் நிறுத்தாது. லாரி கிளீனர் எறங்குன உடனே கட்டை போடுவாரே, அதே மாதிரி தரையில நிக்கற வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டுட்டுத்தான் ஜாக்கையே தொடணும்.

போல்ட்டை வண்டி தரையில இருக்கும்போதே அரைச் சுத்து தளத்திக்கணும். ஏர் கன்ல இறுக்கி வெச்சதை மேல தூக்கிட்டு ஸ்பேனர்ல ஏறி மிதிச்சா வண்டி சாயும். திரும்ப மாட்டும்போது இந்தக் காருக்கு போல்ட்டு இறுக்கற அளவு 130 நியூட்டன் மீட்டர் தான், ஒரு மீட்டர் பைப் முனையில 13 கிலோ தொங்க விட்ட மாதிரி, இறுக்கற அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் வெச்சு எதிரெதிரா இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பாக்கணும். இன்னொண்ணு, நம்ம பல காருல வீல் மாட்டற எடத்துல நீட்டிட்டிருக்கற மரைக்கம்பி, ஸ்டட், இருக்கும், நட்டைக் கழட்டினாலும் வீல் அதுல தொங்கும், போர்ஷேல போல்ட்டு, கடைசி போல்ட்டு வந்ததும் வீல் நழுவி டிஸ்க் மேலயோ கால் மேலயோ விழும். அதுக்குன்னு 14 மில்லி தடிமன், மரைக்கு மரை 1.5 மில்லி இடைவெளியில தலையில்லாத போல்ட்டு ஒண்ணு பட்டறையிலயே கடைஞ்சு வெச்சிருக்கேன், மேல் ஓட்டையில அதை முடுக்கிட்டா வீல் அதுமேல நிக்கும், நிதானமா இழுக்கலாம்.

ஜாக் விக்கற கடைக்காரங்க கேக்காட்டியும் ரெண்டு ஸ்டாண்டை எடுத்து முன்னால வைங்க. ஐயா, நீங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துல ஜாக், ஸ்டாண்டு, கட்டை மூணும் எங்க வரும்னு ஒரு படம் வரைஞ்சு போட்டீங்கன்னா பெரிய உதவி. அந்தத் தம்பி வர்ற ஞாயிறு அவங்கப்பாவையும் கூட்டிட்டு எம்பட போர்டிகோவுக்கு வர்றேன்னிருக்கான், அந்தப் படத்தை அவங்களுக்கும் குடுப்பேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர், கணபதி, கோயமுத்தூர்