ரிலே மாற்றப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் சுவிட்ச்யார்டில் நடமாடுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் நலம். காதுதான் முன்போல் இல்லை; இத்தனை காலம் டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு வேறென்ன மிஞ்சும்? நம்மோடு பயிற்சியில் இருந்த நெட்டையன் ஓய்வுபெற்றுவிட்டான். இப்போது பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். வரைபடத்தில் ஒரு கோடு பிசகினாலும் நம்மை வாட்டி எடுத்தவனாயிற்றே, அந்தக் குழந்தையை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் துணை மின்நிலையத்தில் பழுது கண்டால் மின்சாரத்தை வெட்டச் சொல்லும் ரிலேக்களில், தட்டு சுழலும் பழையவற்றைக் கழற்றிவிட்டு, கணினிபோல் எண்களால் கணக்கிடும் நியூமரிக்கல் ரிலே பொருத்தும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூட இருப்பவர்கள் எல்லோரும் புதியவர்கள். முதல் நாள் அவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்கிறாய். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். ரிலேயைச் சோதிப்பது பெரிய வேலை இல்லை. மின்சாரம் ஓடும் நிலையத்திலிருந்து அதை ஓசையில்லாமல் பிரித்தெடுப்பதும், வேலை முடிந்தபின் ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்ப்பதும்தான் வேலை. நடுவில் இருக்கும் சோதனையை, ரிலேக்குள் மின்னோட்டமும் மின்னழுத்தமும் செலுத்தும் சோதனைப் பெட்டியும் மென்பொருளும் பாதிக்கு மேல் செய்துவிடுகின்றன. முதலுக்கும் கடைசிக்கும் மனிதன் வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பு, ரிலே பொருத்திய பேனலின் பின்பக்கம் போய்ப் பார். முன்பக்கம் பெயர்ப்பலகை இருக்கும். பின்பக்கம் வரிசையாக ஒரே நிறம், ஒரே கதவு, ஒரே மாதிரி டெர்மினல்கள். சரியான பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவறான பேனலைத் திறப்பது அங்கேதான் நடக்கிறது. பக்கத்துப் பேனல்களின் பின்கதவில் சிவப்பு நாடா கட்டச் சொல். பூட்டியிருந்தாலும் கட்டட்டும். பழைய ரிலே இன்னும் சேவையில் இருக்கும் பேனலில் துளை போட வேண்டுமென்றால் நன்றாக யோசி; அதிர்விலேயே உள்ளே தொடர்பு (காண்டாக்ட்) மூடிக்கொள்ளும் ரிலேக்கள் உண்டு. கதவை ஓங்கிச் சாத்தியதற்கே விழுந்த, அதாவது திறந்து மின்சாரத்தை வெட்டிய, பிரேக்கரை நீயும் பார்த்திருப்பாய்.

பிரிக்கும் வரிசையில், பிரேக்கருக்குத் திறக்கும் கட்டளையைக் கொண்டுபோகும் டிரிப் சுற்றுதான் முதலில் வர வேண்டும். பையன்கள் காரணம் கேட்பார்கள்; கேட்கத்தான் வேண்டும். மின்னழுத்தத்தைச் சிறிதாக்கி ரிலேக்குக் காட்டும் பி.டி.யின் வோல்ட்டை முதலில் எடுத்தால், பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடும் தொலைவு ரிலே என்ன நினைக்கும்? மின்னழுத்தம் சுழி, மின்னோட்டம் அப்படியே இருக்கிறது, ஆகவே பழுது என் காலடியில் என்று நினைத்து லைனை வெட்டிவிடும். மின்னோட்டத்தை அதேபோல் சிறிதாக்கிக் காட்டும் சி.டி.யின் முனைகளை ஒவ்வொரு பேஸாக இணைத்து ஷார்ட் செய்யும்போதும் அப்படித்தான். ஒரு பேஸ் மட்டும் காணாமல் போனால் மிச்சம் இரண்டின் கூட்டுத்தொகை நியூட்ரலில் ஓடும், தரைக்குப் பாயும் பழுதைப் பார்க்கும் எர்த் ஃபால்ட் ரிலே எழுந்துகொள்ளும். அதனால் முதலில் ரிலேயின் கையான டிரிப் சுற்றைக் கட்டிவிட்டுப் பிறகுதான் அதன் கண்ணான பி.டி., சி.டி.யை மூட வேண்டும்.

கை என்றால் ஒரு கை இல்லை. தன் பிரேக்கருக்குப் போகும் டிரிப் லிங்கை, அதாவது சுற்றைப் பிரிக்கவும் சேர்க்கவும் உள்ள இணைப்புத் துண்டை, எல்லோரும் எடுத்துவிடுவார்கள். பிரேக்கர் செயலிழப்புப் பாதுகாப்புக்குப் போகும் தொடக்கச் சைகையை மறந்துவிடுவார்கள். அது என்ன செய்யும் தெரியுமா? நீ சோதனைப் பெட்டியிலிருந்து மின்னோட்டம் செலுத்துகிறாய், ரிலே டிரிப் கொடுக்கிறது, மின்னோட்டம் நிற்கவில்லை. டிரிப் கொடுத்தும் பிரேக்கர் திறக்கவில்லை என்று அந்தப் பாதுகாப்பு முடிவுகட்டிவிடும். சில நூறு மில்லி வினாடிகளில் லைன்கள் வந்து சேரும் அந்த பஸ்பாரில் இருக்கும் எல்லா பிரேக்கரையும் இறக்கிவிடும். எதிர்முனை நிலையத்துக்குப் போகும் சைகையும், பிரேக்கரை மறுபடி மூடவிடாமல் பூட்டிவைக்கும், 86 என்று எண்ணிட்ட லாக்அவுட் ரிலேயும் இதே கணக்கில் வரும். ஆகவே வரைபடத்தில் அந்த ரிலேயின் வெளியீட்டுத் தொடர்புகள் ஒவ்வொன்றையும் விரல் வைத்துத் தேடி, அது எங்கே போய் முடிகிறது என்று கண்டுபிடித்த பிறகே ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டும்.

சி.டி. விஷயத்தில் உயிரே இருக்கிறது. முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் ஓடும்போது இரண்டாம் சுற்று திறந்துகொண்டால், உள்ளகத்தில் எதிர்த்து நிற்கும் காந்த விசை இல்லாமல் போகிறது. முதன்மை மின்னோட்டம் முழுக்க உள்ளகத்தைக் காந்தமாக்கவே செலவாகிறது. முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் உச்சம் எழும். ஆளையும் கொல்லும், சி.டி.யையும் எரிக்கும். ஷார்ட்டிங் லிங்கை நகர்த்தித் திருகை இறுக்கியாயிற்று என்பதோடு விட்டுவிடாதே. மில்லி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ரிலேக்குப் போகும் ஒயரில் மாட்டிப் பார். மின்னோட்டம் அங்கிருந்து விலகி லிங்க் வழியாகத் திரும்புகிறதா? ரிலே திரையிலும் அந்த பேஸ் சுழிக்கு வந்துவிட்டதா? இரண்டும் பொருந்திய பிறகு ரிலேப் பக்க லிங்கை மெதுவாகத் திற. திறக்கும்போது சின்னப் பொறி தெரிந்தாலும், சீறல் கேட்டாலும் அந்தக் கணமே மூடிவிட வேண்டும். இந்த இடத்தில் என் போன்ற காது மந்தமானவனை நிறுத்தாதே.

அந்த சி.டி., பஸ்பாருக்குள் வரும் மின்னோட்டத்தையும் வெளியேறுவதையும் ஒப்பிடும் பஸ்பார் வேறுபாட்டுப் பாதுகாப்புக்குப் போவதாக இருந்தால் இந்தப் பேச்சே வேறு. நல்ல எண்ணத்தோடு ஷார்ட் செய்தாலும், கணக்கில் ஒரு சுற்று குறைவதால் பஸ்பாரில் பழுது என்று அது நினைக்கும். அந்தப் பாதுகாப்பைத் தடுத்து வைக்காமல் அதன் சி.டி. மீது கை வைக்கவே கூடாது.

பி.டி.க்கு நேர்மாறான விதி: அதை ஷார்ட் செய்யக் கூடாது, திறக்க வேண்டும். திறக்காமல் அங்கே வோல்ட் செலுத்துகிறவன் ஒன்றை மறக்கிறான். 33,000க்கு 110 வோல்ட் என்ற பி.டி., பின்பக்கத்திலிருந்து பார்த்தால் 300 மடங்கு உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர். சோதனைப் பெட்டியின் 110 வோல்ட், யார்டில் "செத்த" கம்பி என்று நம்பி நிற்பவனின் தலைக்கு மேல் 33 கிலோவோல்ட்டாகத் தோன்றும். லிங்கையும் திற, எம்.சி.பி. என்னும் சிறு பிரேக்கரையும் இறக்கு.

சோதனையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். பிக்அப் (ரிலே எழும் அளவு), டிராப்அவுட் (திரும்ப அடங்கும் அளவு), நேரம். நேரத்தைப் பேனலில் போட்டிருக்கும் செட்டிங்கிலேயே பார்க்கச் சொல். மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும் ஐ.இ.சி. நார்மல் இன்வர்ஸ் வளைவு, நேரத்தைப் பெருக்கும் டைம் மல்டிப்ளையர் 1 என்றால், பிக்அப் அளவின் 2 மடங்கில் 10.03 வினாடி, 5 மடங்கில் 4.28, 10 மடங்கில் 2.97. மல்டிப்ளையர் 0.1 என்றால் அவற்றில் பத்தில் ஒரு பங்கு. பையன்கள் நேரம் கணக்கோடு பொருந்தியதைக் கண்டு குதூகலிப்பார்கள். குதூகலிக்கட்டும். நியூமரிக்கல் ரிலேயின் கணக்கு தப்புவது அரிது. சி.டி.யின் எஸ்1, எஸ்2 முனைகள் மாறிக் கிடந்தாலும் அது துல்லியமாகவே கணக்கிடும், தப்பான திசையில். தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் ரிலே என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். அதன் கண்காணிப்பு தன் டெர்மினலோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் முழு உண்மையாகும்.

இங்கே "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பேச்சு செல்லாது. ஆர் பேஸ் சரியாக இருப்பது ஒய் பேஸுக்குச் சாட்சி ஆகாது. சி.டி. நியூட்ரல் ஒயரையே எடுத்துக்கொள். மூன்று பேஸிலும் சுமை சமமாக இருக்கும்வரை அதில் மின்னோட்டமே இருக்காது. திருகு தளர்ந்து ஒயர் தொங்கினாலும் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். நிஜமான எர்த் ஃபால்ட் வரும் நாளில்தான் அது வெளியே வரும். அதனால் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனித்தனியாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். ரிலேயின் பின்னால் கிளிப் மாட்டிச் செலுத்துவதில் பயன் குறைவு. யார்டு கேபிள் வந்து சேரும் டெர்மினலிலிருந்து செலுத்தினால் பேனல் ஒயரிங்கும் கூடவே சோதனையாகிவிடும். அதற்கும் அப்பால் இருப்பதைப் சி.டி.யின் முதன்மைச் சுற்றிலேயே மின்னோட்டம் செலுத்தும் பிரைமரி இன்ஜெக்ஷன்தான் காட்டும். சி.டி. சுற்றுக்கு எர்த் ஒரே இடத்தில்தானா என்றும் பார்த்துவிடு. பழைய பேனலில் ஒன்று, புதியதில் ஒன்று என்று இரண்டாகிவிடுவது மாற்று வேலைகளில் சகஜம்.

பிரேக்கரை உண்மையிலேயே டிரிப் செய்து பார்ப்பதில் ஒரு நுணுக்கம். அதைத் திறக்கும் டிரிப் காயில் (கம்பிச்சுருள்) இரண்டு இருந்தால், ஒன்றின் டி.சி.யை எடுத்துவிட்டு மற்றதைச் சோதி. பிறகு மாற்றிச் செய். இரண்டு டி.சி.யும் இருக்கும்போது சோதித்தால் பிரேக்கர் எப்படியும் விழும். ஒயர்கள் குறுக்கே மாறிக் கிடந்தாலும், ஒரு காயில் எரிந்தே போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

இனி திரும்பச் சேர்ப்பது. வேலை முடிந்தது, பசி நேரம், எல்லோருக்கும் அவசரம். விபத்துகள் காத்திருக்கும் நேரம் இதுதான். சோதனைக்காக ரிலேயின் ஒரு பாதுகாப்பு ஃபங்ஷனைப் பார்க்க மற்றவற்றை அணைத்து வைப்பார்கள். திரும்பப் போட மறப்பார்கள். எதையும் அணைக்காமல் சோதிக்கப் பழக்கு. முடியாவிட்டால், கடைசியில் ரிலேயிலிருந்து செட்டிங் கோப்பை இறக்கி, அங்கீகரித்த கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே சோதனைப் பெட்டியை மூட வேண்டும்.

பிறகு சி.டி., பி.டி. இரண்டையும் சேர்த்து, திரையில் மதிப்புகளும் கோணங்களும் பக்கத்து மீட்டரோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள். டிரிப் லிங்க் கடைசியில்தான். அதைப் போடும் முன், திறந்திருக்கும் லிங்கின் இரு முனைகளுக்கு நடுவே டி.சி. வோல்ட் அளக்க வேண்டும். முழு வோல்ட் வந்தால் ரிலேயின் தொடர்பு மூடியே கிடக்கிறது என்று பொருள். லிங்கைப் போட்ட மறுகணம் பிரேக்கர் விழும். டிரிப் சுற்றுக் கண்காணிப்பு ரிலே இருந்தால் அதன் வழியாகவும் ஏதாவது வோல்ட் காட்டலாம், ஆகவே எவ்வளவு வர வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்து முன்பே எழுதி வைத்துக்கொள். அளக்கும் மீட்டரின் சிவப்புக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்றும் பார். ஆம்பியர் துளையில் விட்டிருந்தால் அந்த மீட்டரே ஒரு லிங்க். முனையைத் தொட்டதும் பிரேக்கர் போய்விடும். டெஸ்ட் லாம்பையும் அந்தப் பக்கம் அண்டவிடாதே. பல்பு எரியத் தேவையான மின்னோட்டமே துணை ரிலேயை இழுக்கப் போதுமானதாக இருக்கலாம்.

செட்டிங் கொடுக்கும் அலுவலகத்தோடு உனக்குச் சண்டை நடப்பதாக எழுதியிருந்தாய். அதில் நான் உன் பக்கம். பழைய ரிலேயின் எண்ணை அப்படியே புதியதில் போட்டுவிடு என்று சொல்வது சோம்பேறித்தனம். 1965 நவம்பர் 9 மாலை கனடாவின் ஒன்டாரியோவில், சர் ஆடம் பெக் நிலையத்தில் ஒரு பேக்அப் (துணைக் காவல்) ரிலே 230 கிலோவோல்ட் லைன் ஒன்றை வெட்டியது. ரிலேயில் பழுதில்லை, லைனிலும் பழுதில்லை. 1963இல் வைத்த செட்டிங். அதன்பின் சுமை வளர்ந்து அதைத் தொட்டுவிட்டது. மிச்சமிருந்த நான்கு லைன்களும் சில வினாடிகளில் விழுந்தன. அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒன்டாரியோவிலும் சுமார் 3 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். ரிலே சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். இன்றைய சுமைக்கும் இன்றைய பழுது மின்னோட்டத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும்வரை கையெழுத்துப் போடாதே. அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுமை ஏற்றிய பிறகு ஒருமுறை வேறுபாட்டு மின்னோட்டத்தையும் திசையையும் பார்த்துக் குறித்துக்கொள். சுமை மிகக் குறைவாக இருந்தால் அந்த அளவீட்டை நம்பாதே, கூடும்வரை காத்திரு.

பஸ்பார் பாதுகாப்பின் வரைபடத்தை எனக்கு அனுப்பு, டெர்மினல் எண்கள் வாசிக்கத் தெரியும்படி. பிரேக்கர் செயலிழப்புச் சைகை எந்த லிங்க் வழியாகப் போகிறது என்று நானும் ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். நீ குறித்ததும் நான் குறித்ததும் வேறாக இருந்தால் வேலையைத் தொடங்காதே, முதலில் கூப்பிடு. கொஞ்சம் உரக்கப் பேசு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்