செவலை தையில் வராது

தேன்கனிக்கோட்டை,
ஐப்பசி 10

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ கேட்டபடி தையில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் குதிரை செவலையைத் தருமபுரிக்குக் கொண்டுவர முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டிக்கொள்.

ஆடி மழையில் ஏரிக்கரையில் ஓடும்போது முன்னங்கால் எலிவளையில் இறங்கிவிட்டது. அன்றைக்கு லேசாகத்தான் நொண்டியது. மறுநாள் பார்த்தால் முட்டிக்குக் கீழே பின்பக்கம் வில்லாக வளைந்து வீங்கி, தொட்டால் சுடுகிறது. நாம் நரம்பு என்போமே, சதையை எலும்போடு கட்டும் கயிறு, அதற்குத் தசைநாண் என்று பேராம். நாண் போய்க் காலே வில்லானது.

நீ எழுதியதைத்தான் பெரியப்பாவும் சொன்னார்: "பழுக்கக் காய்ச்சிய கம்பியால் காலில் சூடு இழுத்துவிடு." டாக்டர் விடவில்லை. சூடு போட்டால் நாண் சீக்கிரம் ஆறுவதில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1983-லேயே எழுதிவிட்டார்களாம். சூடு போட்டுத் தேறிய குதிரையெல்லாம் அப்புறம் மாதக்கணக்கில் சும்மா நின்றதால்தான் தேறியது என்கிறார். உங்கள் அப்பா சூடு போட்ட குதிரையை ஒரு வருஷம் வண்டியில் பூட்டவே இல்லையே, ஞாபகம் இருக்கிறதா?

முடியை மழித்து ஸ்கேன் பார்த்தார். சாம்பல் நிற நாணுக்கு நடுவே மிளகளவு கறுப்பு. நார் அறுந்த இடம் அது. குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை கிடையாது, நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மெதுவாகத்தான் ஆறுமாம்.

முதல் வாரம் வலிக்கு ஊசி, கட்டு, நாளைக்கு மூன்று தடவை 20 நிமிஷம் கிணற்றுத் தண்ணீர். அப்புறம் நடைதான் வைத்தியம். புது நார் தாறுமாறாகத்தான் விளையும். தினமும் அளவாக இழுவை பட்டால்தான் நீளவாக்கில் ஒழுங்காகப் படியும். நாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே கயிறு திரிப்பார்களே, அதே சங்கதி. 10 நிமிஷத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 கூட்டினேன். அதன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவைப் பிரித்து நாணில் ஏற்றும் ஊசியும் உண்டாம். செலவைக் கேட்டேன், விட்டுவிட்டேன். அதைப் போட்டாலும் இதே நடை, இதே காத்திருப்புதான்.

ஆறாவது வாரம் வீக்கம் வற்றி, நொண்டல் சுத்தமாக நின்றுவிட்டது. கை சும்மா இருக்குமா? அவிழ்த்துவிட்டேன். தோப்பை இரண்டு சுற்று பறந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயந்திரம் கால் மறுபடியும் சுட்டது. டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் 10 நிமிஷம். இன்றைக்குத்தான் 30-க்கு வந்திருக்கிறோம்.

முழுசாக ஆற 9 மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆறினாலும் தழும்பு நாண், பழைய வளைந்துகொடுக்கும் தன்மை இருக்காது. பம்பைச் சத்தத்துக்குத் தார் ரோட்டில் ஒரு துள்ளு துள்ளினால் போதும், எல்லாம் போச்சு.

மாப்பிள்ளைக்குக் கார் பேசிவிடு. முகூர்த்தத்துக்கு நான் வந்துவிடுவேன். ஆனால் பந்தி முடிந்ததும் கிளம்பணும். சாயந்திர நடைக்கு அது வேறு யார் கைக்கும் அடங்காது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்